‘வில்டர்னஸ்’ என்ற சொல் வந்த வழி: ஆளில்லாத நிலம் என்று யார் சொன்னது?

கேள்வி இதுதான்: “வில்டர்னஸ் என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது? அதைக் காடு என்று தமிழில் எழுதினால் போதுமா? பைபிளில் பாலைவனத்துக்கு ஏன் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள்?” மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் சுருக்கமாக: காடு என்று எழுதினால் பாதி இடங்களில் தப்பாகிவிடும். அந்தச் சொல்லுக்குள் மரமும் கிடையாது, மணலும் கிடையாது. சொல்கிறவருடைய ஏரும் வேலியும் சட்டமும் எட்டாத நிலம் எதுவோ, அதற்கு அவர் வைக்கிற பெயர் அது. அதனால்தான் ஒரே சொல்லை அடர்ந்த காட்டுக்கும், மொட்டை மலைக்கும், அரண்மனைத் தோட்டத்துக்கும், கடைசியில் ஒரு சட்டப் பிரிவுக்கும் வைக்க முடிந்தது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தப் பெயரை ஒட்டிய முக்கியமான நிலங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அங்கெல்லாம் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களைக் கணக்கில் எடுக்காமல்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தச் சொல்லின் வரலாற்றில் முக்கியமாகப் படுவது அதுதான்.

சரி, வேருக்குப் போவோம். பழைய ஆங்கிலத்தில் ‘வில்ட்’ என்றால் பழக்கப்படாத, அடங்காத என்று பொருள். ‘டேஓர்’ என்றால் விலங்கு. இரண்டும் சேர்ந்து காட்டு விலங்கு. அதன் பின்னால் நிலையைக் குறிக்கும் ‘நெஸ்’ விகுதி ஒட்டிக்கொண்டது. ஆக, காட்டு விலங்குகள் திரிகிற நிலை, அப்புறம் அவை திரிகிற இடம். இந்த ‘டேஓர்’ என்பதுதான் பின்னாளில் ‘டீர்’ ஆகி மானை மட்டும் குறிக்கத் தொடங்கியது. ஆரம்பத்தில் அது எல்லா விலங்குக்கும் பொதுப்பெயர், ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பான ‘டீயர்’ இன்றைக்கும் பொதுவாக விலங்கைத்தான் குறிக்கிறது. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில்கூட எலிகளைச் சேர்த்து ‘சின்ன டீர்’ என்று ஒரு பாத்திரம் சொல்லும், அங்கே மான் என்று படித்தால் பொருளே வராது. நமக்கு இது புதிய விஷயமில்லை. மிருகம் என்ற சொல்லும் இதே பாதையில்தான் வந்தது. சமஸ்கிருதத்தில் அது காட்டு விலங்குக்குப் பொதுவாகவும் மானுக்குச் சிறப்பாகவும் வழங்கியது. தமிழுக்கு வந்தபோது பொதுப்பொருள் நிலைத்துவிட்டது, மிருகசீரிடம் என்ற நட்சத்திரப் பெயரில் மட்டும் மான்தலை பத்திரமாக இருக்கிறது.

‘வில்ட்’ என்பதற்கு முந்தைய வேர் எது என்பதில் சண்டை இருக்கிறது. விருப்பத்தைக் குறிக்கும் ‘வில்’ என்ற சொல்லிலிருந்து வந்தது, ஆகவே வில்டர்னஸ் என்றால் ‘தன் இச்சைப்படி இருக்கும் நிலம்’ என்று பலர் எழுதுகிறார்கள். அழகான விளக்கம்தான், சூழல் ஆர்வலர்களுக்கு ரொம்பப் பிடித்த விளக்கமும்கூட. ஆனால் சொற்பிறப்பு ஆய்வில் அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது, காட்டைக் குறிக்கும் வேறொரு பழைய வேரோடு இணைப்பவர்களும் உண்டு. இணையத்தில் இதை முடிந்த முடிவாக யாராவது எழுதியிருந்தால் அப்படியே நம்பிவிட வேண்டாம். டச்சு, ஜெர்மன் மொழிகளில் இதற்கு நெருங்கிய சொற்கள் இருக்கின்றன. ஸ்பானிய மொழியில் ஒரே சொல்லாகக் கிடையாது, இடத்துக்குத் தகுந்தாற்போல் வேறு வேறு சொல் போட்டுக்கொள்கிறார்கள்.

இனி பைபிள். கேள்வியின் சுவாரசியமான பகுதி இதுதான்.

எபிரேய மூலத்தில் இருக்கும் சொல் ‘மிட்பார்’. மோசே இஸ்ரவேலரை நாற்பது வருடம் நடத்திக்கொண்டு போன இடம் அது. எண்ணாகமம் என்று நாம் சொல்லும் நூலுக்கு எபிரேயத்தில் பெயரே ‘மிட்பாரில்’ என்பதுதான். இந்தச் சொல்லை ஆடுமாடு ஓட்டிச் செல்வதைக் குறிக்கும் வேரோடு அறிஞர்கள் பலர் தொடர்புபடுத்துகிறார்கள். அதாவது உழவு இல்லாத, ஊர் இல்லாத, ஆனால் மந்தை போகிற நிலம். எருசலேமுக்குக் கிழக்கே சாக்கடல் வரை இறங்கும் யூதேயா மலைச்சரிவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும், குளிர்கால மழை விழுந்தால் சில வாரங்களுக்குப் பச்சை பிடிக்கும், அப்போது இடையர்கள் ஆடுகளைக் கொண்டுபோவார்கள். மோசேயே முதலில் இப்படிப்பட்ட ஒரு மிட்பாரில் தன் மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தவர்தான். “அவன் ஆடுகளை வனாந்தரத்தின் பின்புறத்திலே ஓட்டி” என்று யாத்திராகமத்தின் மூன்றாம் அதிகாரம் சொல்கிறது. ஆள் நடமாட்டமே இல்லாத இடம் என்றால் ஆட்டை எதற்கு ஓட்டிக்கொண்டு போகிறார்?

கிரேக்கத்துக்குப் போனபோது இது ‘எரேமோஸ்’ ஆனது. ஆளற்றது, தனித்து விடப்பட்டது என்று பொருள். தனிமையில் தவம் இருப்பவரைக் குறிக்கும் ‘ஹெர்மிட்’ என்ற ஆங்கிலச் சொல் இதிலிருந்து பிறந்ததுதான். லத்தீனில் ‘டெசர்டம்’, கைவிடப்பட்ட இடம். இன்றைக்கு டெசர்ட் என்றதும் மணலும் ஒட்டகமும் கண்முன் வருகின்றன, ஆனால் பழைய பொருளில் மணலுக்கு இடமே இல்லை. தென்னை மரம் அசைகிற ஆளில்லாத தீவை ஆங்கிலத்தில் இன்றும் ‘டெசர்ட் ஐலண்ட்’ என்றுதான் சொல்கிறார்கள். இப்படி மேய்ச்சல் நிலத்தைக் குறித்த சொல் மொழிமாறி மொழிமாறி ‘யாரும் இல்லாத இடம்’ ஆகிவிட்டது. இடையர்கள் அங்கிருந்து போய்விடவில்லை, சொல்லிலிருந்துதான் போனார்கள்.

ஆங்கிலத்துக்கு வரும்போது மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு சிக்கல். இங்கிலாந்தில் பாலைவனமே கிடையாது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் விக்ளிஃப் பெயரால் வழங்கும் மொழிபெயர்ப்பில் யோவான் ஸ்நானனைப் பற்றிய, ஆளில்லா இடத்தில் ஒரு குரல் கூப்பிடுகிறது என்ற புகழ்பெற்ற வரியில் லத்தீன் வழிவந்த ‘டெசர்ட்’ இருந்தது. 1526இல் டின்டேல் கிரேக்கத்திலிருந்து நேரே மொழிபெயர்த்தபோது அங்கே ‘வில்டர்னஸ்’ போட்டார். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பும் அதையே வைத்துக்கொண்டது. ஆங்கிலேயருக்குத் தெரிந்த ஆளில்லாத, பயமான இடம் என்பது விலங்கு திரியும் புதரும் சதுப்பும் காடும்தான், அந்தச் சொல்லை எடுத்து வறண்ட மலைமேல் ஒட்டினார்கள். அதிலிருந்து அந்தச் சொல்லோடு ஒரு பெரிய கதையும் சேர்ந்துகொண்டது: சோதனைக்கு உள்ளாகும் இடம், பட்டினி கிடக்கும் இடம், பிசாசு வந்து பேசும் இடம், கடவுளைச் சந்திக்கும் இடமும் அதுவே. இயேசு நாற்பது நாள் அங்கே இருந்தார்.

தமிழிலும் இதே கதைதான் நடந்தது. “வனாந்தரத்திலே கூப்பிடுகிறவனுடைய சத்தம்” என்று பழைய வேதாகமத்தில் படித்து வளர்ந்தவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். வனாந்தரம் என்றால் சொல்லுக்குச் சொல் காட்டின் உட்புறம். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளின் மனதில் யோவான் ஸ்நானன் ஏதோ மேற்குத் தொடர்ச்சி மலையில் நிற்பது போலத்தான் பதிந்திருக்கும். 1995இல் வந்த திருவிவிலியம் இதைப் “பாலைநிலத்தில் குரல் ஒன்று முழங்குகிறது” என்று மாற்றியது. நிலத்தைப் பொறுத்தவரை இது சரியான திருத்தம், நம் பாலைத்திணைக்கும் இது பொருந்திப்போகிறது. சிலப்பதிகாரம் சொல்வது போல முல்லையும் குறிஞ்சியும் முறைமையிலிருந்து திரிந்தால்தான் பாலை, அதாவது நிரந்தரமான மணல்வெளி இல்லை, மழை பொய்த்தால் வருகிற ஒரு கோலம். மிட்பாரும் அப்படித்தான். ஆனால் மந்தையும் மேய்ச்சலும் நினைவுக்கு வர வேண்டும் என்றால் முல்லைதான் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். “மாயோன் மேய காடுறை உலகம்” என்று தொல்காப்பியம் சொல்லும் முல்லை இடையர்களின் நிலம். நம்மவர்கள் அதைக் காடு என்று சொன்னபோதே அதில் ஆட்கள் இருந்தார்கள், கொன்றை பூத்தது, மாடு வீடு திரும்பியது.

இதே வகையில் இடம் மாறிப்போன இன்னொரு சொல்லைச் சொல்லாமல் போக மனமில்லை: ஜங்கிள். இது இங்கிருந்து போனது. சமஸ்கிருத ‘ஜாங்கலம்’ ஆயுர்வேத நூல்களில் வறண்ட, மரம் குறைந்த, திறந்த வெளியைக் குறிக்கும், ஈரமான சதுப்பு நிலத்துக்கு அது நேர் எதிர். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இதை உழாமல் விட்ட நிலத்துக்குப் பெயராக எடுத்துக்கொண்டார்கள், பிறகு அது மெல்ல மெல்ல மழை சொட்டும் அடர்காடாக மாறிவிட்டது. இங்கும் இடையில் இருந்த படி ‘நாம் உழாத நிலம்’ என்பதுதான்.

இங்கிலாந்துக்குள்ளேயே ஒரு வேடிக்கையான பயன்பாடு இருந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பெரிய மாளிகைத் தோட்டங்களில் உயரமான வேலிச்செடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பாதைகள் கொண்ட ஒரு பகுதி இருக்கும், அதற்குப் பெயர் வில்டர்னஸ். தோட்டக்காரர்கள் கத்தரித்துக் கத்தரித்துப் பராமரித்த வில்டர்னஸ்! லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் இன்றும் மக்கள் வழிதவறி விளையாடும் செடிப்புதிர் 1700 வாக்கில் அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தின் பகுதியாக வைக்கப்பட்டதுதான்.

ஆனால் இந்தச் சொல்லுக்கு இன்றைய கனத்தைக் கொடுத்தது அமெரிக்கா.

1620 நவம்பரில் மேஃப்ளவர் கப்பல் கேப் காட் கரையை அடைந்தது. அதில் வந்தவர்களில் ஒருவரான, பிறகு பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்டு, தாங்கள் கண்ட கரையைக் கொடிய, பாழான வில்டர்னஸ் என்றும், காட்டு விலங்குகளும் காட்டு மனிதர்களும் நிறைந்தது என்றும் பின்னாளில் எழுதினார். இவர்கள் பைபிளைக் கரைத்துக் குடித்தவர்கள், தங்களை இஸ்ரவேலராகவே நினைத்துக்கொண்டவர்கள், ஆகவே கடலைத் தாண்டி வந்து நிற்கும் இடம் வில்டர்னஸாகத்தான் இருக்க வேண்டும். இப்போது அதே நாட்களில் அவர்கள் செய்ததைப் பாருங்கள். கரையில் இறங்கித் தேடிப் போனவர்கள் ஒரு மணல்மேட்டைத் தோண்டினார்கள். உள்ளே புத்தம்புதிய பெரிய கூடை ஒன்று. வட்டமான கூடை, வாய் குறுகியது, இரண்டு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடிகிற கனம். அதில் அந்த வருடத்து மக்காச்சோளம். அதோடு முழுசாக முப்பத்தாறு கதிர்கள், சில மஞ்சள், சில சிவப்பு, சிலவற்றில் நீலமும் கலந்திருந்தது. இதையெல்லாம் அவர்களே எழுதி 1622இல் லண்டனில் அச்சிட்டிருக்கிறார்கள். யாரோ உழுது, விதைத்து, அறுத்து, அழகாகக் கூடை முடைந்து, அடுத்த பருவத்துக்கு என்று புதைத்து வைத்த தானியம் அது. எடுத்துக்கொண்டு போனார்கள், மறு வருடம் அந்த மக்களுக்கு ஈடு கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அவர்கள் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டி வசந்தத்தில் விதைத்தது இந்தச் சோளத்தைத்தான்.

அதைவிட மனதை அறுக்கும் விஷயம் அவர்கள் குடியேறிய இடம். பிளிமத் என்று பெயர் வைத்த இடம் அதற்கு முன்னால் படக்ஸெட் என்ற ஊர், வாம்பனோவாக் மக்களுடையது. 1616க்கும் 1619க்கும் இடையில் ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுவந்த கொள்ளைநோயில் ஊரே அழிந்துவிட்டது. காடு வெட்டித் திருத்திய வயல்கள் அப்படியே கிடந்தன, குடியேறியவர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணமே அதுதான். அந்த ஊரைச் சேர்ந்த டிஸ்குவான்டம் என்பவரை 1614இல் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவர் பிடித்துக்கொண்டுபோய் ஸ்பெயினில் விற்றார். அவர் எப்படியோ இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, 1619இல் ஊர் திரும்பியபோது வரவேற்க ஒருவர்கூட இல்லை. அவர்தான் பிறகு வந்தவர்களுக்குச் சோளம் எப்படி நடுவது, குழியில் மீனை எருவாக எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்தார். இந்த நிலத்துக்குத்தான் வில்டர்னஸ் என்று பெயர்.

பெயர் வைத்தால் மட்டும் போதாது, நிலத்தை எடுத்துக்கொள்ள நியாயமும் வேண்டும் அல்லவா? அதை ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் போன்றவர்கள் கொடுத்தார்கள். உழைப்பைக் கலந்தால்தான் நிலம் உடைமையாகும் என்று 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதியபோது அவர் உதாரணம் காட்டியது அமெரிக்காவின் உழப்படாத தரிசை. வேட்டை, தீ வைத்துப் புல் வளர்ப்பது, கிழங்கு தோண்டுவது இவையெல்லாம் அந்தக் கணக்கில் நிலத்தை உடைமையாக்கும் உழைப்பாக ஏறவில்லை.

வர்ஜீனியாவில் வில்டர்னஸ் என்பதே ஊர்ப்பெயர் போல நிலைத்துவிட்ட ஒரு பகுதி உண்டு, 1864 மே மாதம் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் தளபதி கிரான்ட்டின் படையும் தெற்கின் தளபதி லீயின் படையும் அங்கேதான் மோதின. சண்டைக்கே வில்டர்னஸ் சண்டை என்று பெயர். நெருக்கமான புதர், நாலடி தள்ளி யார் நிற்கிறார் என்று தெரியாத அடர்த்தி, துப்பாக்கிப் பொறியில் சருகு பற்றி காயம்பட்டுக் கிடந்தவர்கள் எரிந்துபோனார்கள். கன்னிக்காடு என்று நினைப்போம். இல்லை. முந்தைய நூற்றாண்டில் அங்கே இரும்பு உருக்கும் உலைகள் வந்தன, அவற்றுக்குக் கரி வேண்டும் என்று பெரிய மரங்களை எல்லாம் வெட்டித் தீர்த்தார்கள், அதற்குப் பிறகு கன்னாபின்னாவென்று முளைத்த புதர்தான் அது. முழுக்க முழுக்க மனிதக் கையால் உண்டான வில்டர்னஸ்.

அதே 1864இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஜூன் கடைசியில் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கை மக்கள் கண்டு மகிழ்வதற்காகப் பாதுகாக்கும் சட்டம். இதற்குள் சொல்லின் சுவை தலைகீழாக மாறத் தொடங்கிவிட்டது. தொழிற்சாலைப் புகையும் நகர நெரிசலும் பெருகப் பெருக, வில்டர்னஸ் பயப்பட வேண்டிய இடம் என்பது போய் ஏங்க வேண்டிய இடம் ஆயிற்று. பாழ்நிலம் கோயிலானது. 1868இல் யோசெமிட்டிக்கு வந்த இயற்கை எழுத்தாளர் ஜான் மியூர் இந்த மாற்றத்தின் பெரிய குரல், 1890இல் அது தேசியப் பூங்கா ஆனதற்கு அவருடைய எழுத்து முக்கியக் காரணம். அந்தப் பாறைச் சுவர்களையும் அருவிகளையும் காப்பாற்றியவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் அவாநீச்சி மக்கள் வாழ்ந்தார்கள். 1851இல் மரிப்போசா பட்டாளம் என்ற ஆயுதக்குழு உள்ளே புகுந்து அவர்களைத் துரத்தியது, குடியிருப்புகளையும், குளிர்காலத்துக்குச் சேமித்து வைத்திருந்த ஓக் கொட்டைகளையும் கொளுத்தியது. அந்தக் கொட்டைதான் அவர்களுக்குச் சோறு. இடித்து, மாவாக்கி, துவர்ப்பு போகத் தண்ணீர் விட்டு விட்டு அலசி, பிறகு சமைப்பார்கள். கருப்பு ஓக் மரம் நன்றாகக் காய்க்க வெயில் வேண்டும், அதற்காக அவ்வப்போது சின்னத் தீ வைத்துப் புதரை எரித்துப் புல்வெளியைத் திறந்து வைத்திருந்தார்கள். வந்த வெள்ளையர்கள் இயற்கைப் பூங்கா போல இருக்கிறதே என்று வியந்தது இந்த மக்கள் பராமரித்த நிலத்தைத்தான். அவர்களுடைய தலைவர் டெனாயாவின் பேத்தி டொடூயா, சிறுமியாக வெளியேற்றப்பட்டவர், 1929இல் கிழவியாகத் திரும்பி வந்து பார்த்தார். உலகமே கொண்டாடிய பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: அழுக்கடைந்து கிடக்கிறது, புதர் மண்டிப்போச்சு. தீ நின்றதும் ஊசியிலை மரங்கள் புல்வெளிக்குள் ஏறிவிட்டிருந்தன. ஒரு வீட்டை நன்றாக வைத்திருந்த பெண், பல வருடம் கழித்து அதே வீட்டுக்குள் நுழைந்தால் சொல்கிற வார்த்தை அது.

லகோட்டா இனத்தைச் சேர்ந்த லூதர் ஸ்டாண்டிங் பேர் 1933இல் இதை நேராகவே எழுதினார்: வெள்ளையருக்கு மட்டும்தான் இயற்கை வில்டர்னஸாகத் தெரிந்தது, தங்களுக்கு அது அடங்கிய, தாராளமான நிலம் என்றார்.

பிறகு 1964 செப்டம்பர் 3. அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வில்டர்னஸ் சட்டத்தில் கையெழுத்திட்டார், ஒரு சொல்லுக்குச் சட்ட வரையறை கிடைத்தது. முதல் நாளிலேயே 54 இடங்கள், 91 லட்சம் ஏக்கர். இன்றைக்கு 11 கோடி ஏக்கருக்கும் மேல். வரைவை எழுதியவர் ஹவர்டு ஜானைசர், எட்டு வருடம் திருத்தித் திருத்தி எழுதினார், கையெழுத்தாவதற்கு நான்கு மாதம் முன்னால் இறந்துபோனார். அவர் வரையறையில் ‘அன்ட்ராமல்டு’ என்ற சொல்லைத் தேடிப் போட்டார். நிறைய பேர் அதை ‘மிதிபடாத’ என்று தவறாகப் படிக்கிறார்கள். ‘டிராமல்’ என்பது மீன்வலைக்கும் குதிரையின் காலில் கட்டும் கயிற்றுக்கும் பெயர். ஆகவே தளையிடப்படாத நிலம், நம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவராத நிலம். எனக்குப் பிடித்த சொல் இது, ஏனென்றால் மனிதர் கால் படவே இல்லை என்ற பொய்யை இது சொல்லவில்லை. ஆனால் அதே வாக்கியத்தின் அடுத்த பாதி, மனிதன் அங்கே வந்துபோகும் விருந்தாளி, தங்குகிறவன் இல்லை என்று சொல்கிறது. யோசெமிட்டிக்கு விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார்? 1980இல் அலாஸ்காவுக்குத் தனிச்சட்டம் போட்டபோது உள்ளூர்க் கிராம மக்கள் பிழைப்புக்காக வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் வில்டர்னஸுக்குள்ளும் இடம் கொடுத்தார்கள். அந்த அளவுக்காவது கண் திறந்தது.

1989இல் வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா ஒரு கட்டுரையில் இந்தச் சொல்லை இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்தால் என்ன ஆகும் என்று கேட்டார். நெரிசலான நாட்டில் ஆளில்லாக் காடு வேண்டும் என்றால் ஏழைகளை வெளியேற்றித்தான் அதை உண்டாக்க முடியும் என்பது அவருடைய வாதம், 1973இல் தொடங்கிய புலிகள் திட்டத்தை அவர் அதற்கு உதாரணமாக வைத்தார். 1995இல் வில்லியம் க்ரோனன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் தன் நாட்டுக்குள்ளிருந்தே, வில்டர்னஸ் என்பது மனிதர்கள் உருவாக்கிய கருத்து என்று எழுதி, இயற்கை ஆர்வலர்களிடம் நிறையத் திட்டு வாங்கினார். புலிகளைக் காப்பது முக்கியம், அதை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் ‘இடையூறற்ற’ பகுதி வேண்டும் என்று நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொல்லும்போது அந்த யோசனை எங்கிருந்து பயணம் செய்து வந்தது என்று தெரிந்திருப்பது நல்லது.

சத்தியமங்கலத்துக்கு வடக்கே, கர்நாடக எல்லைக்குள் இருக்கும் பிலிகிரிரங்கன் மலையைப் பாருங்கள். தாளவாடிப் பக்கம் நாம் பார்க்கும் சோளகர் பழங்குடியினர் அங்கும் இருக்கிறார்கள். கோடையின் தொடக்கத்தில் காய்ந்த சருகுக்கு மட்டும் சின்னத் தீ வைப்பது அவர்கள் வழக்கம், ‘தரகு பெங்கி’ என்று பெயர். மரத்தைத் தொடாமல் சருகும் பூண்டும் மட்டும் எரிந்து அணையும் தீ. 1970களில் அது சரணாலயம் ஆனபோது தீயைத் தடுத்தார்கள், சிதறி வாழ்ந்தவர்களைக் கொண்டுவந்து சாலையோரக் குடியிருப்புகளில் வைத்தார்கள். இன்றைக்கு அந்தக் காட்டின் தரையை உண்ணிச்செடி மூடிக்கிடக்கிறது, தீயை நிறுத்தியதால்தான் இது இப்படிப் பரவியது என்று சோளகர்கள் சொல்கிறார்கள், அங்கே ஆய்வு செய்தவர்களும் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். டொடூயா சொன்னதும் இதுவும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன பாருங்கள். 2006ஆம் வருட வன உரிமைச் சட்டத்தின்படி 2011இல் அந்தச் சோளகர்களுக்குப் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக உரிமை கிடைத்தது.

அடுத்து, தமிழில் என்ன எழுதுவது? இடத்தைப் பார்த்து எழுதுங்கள் என்பதுதான் என் பதில். பைபிள் வரி என்றால் பாலைநிலம், பழைய நடை வேண்டும் என்றால் வனாந்தரம். அரசியல்வாதி பதவி இழந்து ஒதுங்கிக் கிடந்த காலத்தை ஆங்கிலத்தில் வில்டர்னஸ் ஆண்டுகள் என்பார்கள், 1930களின் சர்ச்சிலைச் சொல்வது போல. அதற்கு நம்மிடம் வனவாசம் தயாராக இருக்கிறது, திமுக 1976 முதல் 1989 வரை ஆட்சியில் இல்லாததைப் பதின்மூன்று ஆண்டு வனவாசம் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டே இருக்கின்றன. அமெரிக்கச் சட்டத்தைப் பற்றி என்றால் வில்டர்னஸ் என்றே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு ஒருமுறை விளக்குங்கள், ‘வனப்பகுதி’ என்று போட்டால் அலாஸ்காவின் பனிமலையும் நெவாடாவின் உப்புப் படுகையும் வெளியே போய்விடும்.

காடு என்று மட்டும் பொதுவாகப் போட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம், நம் காடு வேறு மாதிரியான சொல். கொங்குப் பக்கம் “காட்டுக்குப் போறேன்” என்றால் வயலுக்குப் போகிறேன் என்றுதான் பொருள், காடுகரை என்றால் சொத்து, சோளக்காடு என்றால் சோளம் விளைகிற நிலம். சுடுகாடும் இடுகாடும் ஊரின் பகுதி. மக்கள் இல்லாத இடம் என்ற எண்ணம் இதில் ஒட்டவே இல்லை. காட்டை அழித்ததை நம்மவர்கள் கொண்டாடவில்லை என்று சொல்லவும் முடியாது, “காடு கொன்று நாடாக்கி” என்று கரிகாலனைப் பட்டினப்பாலை புகழ்கிறது. ஆனால் ‘கொன்று’ என்று அங்கே ஒரு சொல் விழுந்திருக்கிறது, உயிருள்ளதுக்குச் செய்வதைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

குணத்தில் வில்டர்னஸுக்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் எது என்று என்னைக் கேட்டால் புறம்போக்கு என்பேன். வரிக்கணக்குக்கு வெளியே நிறுத்திய நிலம். ஏரி, மேய்க்கால், பாதை, மயானம் என்று ஊர் முழுக்கப் புழங்கிய இடங்கள்தான் அந்தப் பட்டியலில் இருந்தன. கணக்கில் வருமானம் காட்டாததால் அவை சும்மா கிடக்கும் நிலம் ஆகிவிட்டன, சும்மா கிடக்கிறதே என்று கட்டடம் கட்டினார்கள், கடைசியில் அந்தச் சொல்லே ஆளைத் திட்டுகிற வசவாகவும் ஆகிவிட்டது. அமெரிக்காவில் அந்தச் சொல் கோயிலாக உயர்ந்தது, இங்கே இது வசவாக இறங்கியது. அங்கே வாழ்ந்து புழங்கியவர்கள் இரண்டு இடத்திலும் பதிவேட்டில் இல்லை.